ஏரோப்ளேன்காரம்மாவின் ‘வேணாம்’

திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஓர் ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தே இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவேன். வாயாடி, கோபக்காரி என்றெல்லாம் எனக்குப் பெயர் உண்டு. ஆளை எடை போடத் தெரியாதவள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்தம்மா விஷயத்தில் இன்றுவரை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் தைரியசாலியா, பயந்தாங்கொள்ளியா? காலையில் கேட்டால் ஒன்று சொல்வேன், சாயங்காலம் கேட்டால் வேறொன்று சொல்வேன். இப்போது அவரும் இல்லை, அவருடைய அக்காவும் இல்லை. போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அவர் என்னிடம் வந்தபோது வயது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒல்லி உடம்பு, காதளவு வெட்டிய நரைமுடி, கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. புடவைக்கு ஷூ போட்டு வந்தவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

“லைசென்ஸ் எடுக்கணும் டீச்சர்” என்றார்.

“முன்னாடி ஏதாவது ஓட்டியிருக்கீங்களாம்மா? ஸ்கூட்டி, கீட்டி?”

“ஏரோப்ளேன்.”

முகத்தில் விளையாட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எங்கள் தொழிலில் எல்லா மாதிரி ஆட்களும் வருவார்கள். “சரிம்மா, ஏறுங்க” என்றேன்.

அவர் ஏறவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார்.

“இன்னிக்கு வேணாம்.”

“ஏம்மா, வண்டியில ஏதாவது கோளாறா?”

“வண்டி நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் நேத்து சரியா தூக்கம் இல்ல. நாளைக்கு வர்றேன்.”

அவ்வளவுதான், போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் வாசலில் நின்ற அடுத்த ஆளைக் காரணமில்லாமல் திட்டினேன்.

அந்த ‘வேணாம்’ பிறகு எனக்கு நன்றாகப் பழகிப்போயிற்று. தலை லேசாக வலித்தால் வேணாம். மழை வரும்போல இருந்தால் வேணாம். மனசு வேறெங்கோ இருந்தால் வேணாம். சொல்லும்போது குரலில் வருத்தமும் இருக்காது, வெட்கமும் இருக்காது. கடையில் கத்திரிக்காயைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நகர்கிறவர்போலச் சொல்வார். இந்த வேகத்தில் போனால் இவர் எப்போது கற்றுக்கொள்வது என்று எனக்குத்தான் அடித்துக்கொள்ளும். ஏனென்றால் அவருக்கு நாள் இல்லை.

அந்தக் கதையை இரண்டாம் நாளே சொல்லிவிட்டார். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா வீட்டுக்காரரை இழந்தவர், தங்கை கல்யாணமே செய்துகொள்ளாதவர். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பாண்டிச்சேரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். வாடகைக் காரில் போய்ப் பார்த்தார்கள். திரும்பும்போது அக்காவுக்கு மயக்கமும் வாந்தியும் வரும். ஒருமுறை ஏற்றிப்போன டிரைவர் மறுமுறை போனை எடுக்கமாட்டார். விழுப்புரத்தில் மோட்டார் பம்புக் கடை வைத்திருந்த தம்பிதான் வாரம் இரண்டு நாள் கடையை விட்டுவிட்டு வந்து கூட்டிப்போனார்.

தம்பியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அலுத்துப்போயிருந்தார். திண்டிவனத்து வீட்டைப் பூட்டிவிடலாம், பெரியக்காவை விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம், சின்னக்கா தன் வீட்டு மாடியில் இருக்கட்டும் என்று முடிவு கட்டிவிட்டார். அதாவது அக்கா ஓர் இடம், தங்கை ஓர் இடம்.

“தை பொறக்கறதுக்குள்ள லைசென்ஸ் வாங்கி நீயே ஓட்டிக்கினு போயிடு சின்னக்கா. நான் வாயே தொறக்கல” என்று சொல்லியிருக்கிறார். சவால் மாதிரிதான். வீட்டு ஷெட்டில் அக்காவின் வீட்டுக்காரர் விட்டுப்போன கார் ஒன்று இருந்தது. அதை ஓட்ட ஆள்தான் இல்லை. அதற்குத்தான் ஷூ போட்டுக்கொண்டு என்னிடம் வந்திருந்தார்.

மயிலம் ரோட்டில் பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு மனைப் பிரிவில்தான் நான் பழக்குவேன். தார் ரோடு உண்டு, வீடு கிடையாது, மேய்கிற ஆடுகளைத் தவிர யாரும் வரமாட்டார்கள். முதல் தடவை அங்கே வலது பக்கம் திருப்பச் சொன்னேன். கார் திரும்பவில்லை. சீறிக்கொண்டு நேராகப் பாய்ந்தது. என் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஏறி மிதித்து நிறுத்தினேன். மனைக்கல்லுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

“என்னம்மா பண்றீங்க? திருப்புங்கன்னா ஆக்சிலேட்டரை மிதிக்கிறீங்க?”

“திருப்பத்தான் மிதிச்சேன்.”

இடது பக்கம் திருப்பச் சொன்னால் கிளட்சை அழுத்தினார். வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. ஸ்டியரிங்கைக் கை சும்மா தொட்டுக்கொண்டு இருக்கிறது, திருப்புகிற வேலையெல்லாம் கால் செய்கிறது. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், இப்படி ஒரு தப்பை யாரும் செய்து பார்த்ததில்லை. கேட்டதற்குச் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார்.

“ஏரோப்ளேன் தரையில ஓடறப்ப காலாலதான் திருப்பணும் டீச்சர். வலது காலை அமுக்கினா வலது பக்கம் போவும். கால் மறக்கமாட்டேங்குது.”

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கதை விடுகிறவர் வாயால்தான் விடுவார், காலால் விடமுடியுமா? வீட்டுக்குப் போய் யோசித்து யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே வானத்தில் ஓட்டியவரா நம் வண்டியில் முதல் கியர் போடத் தெரியாமல் முழிக்கிறார்? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு ஒலக்கூர் பக்கம் சொந்த ஊர். மெட்ராஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் மெக்கானிக்காக இருந்தவர். மகள் கூடவே போய் இறக்கையைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் ஓட்டவும் கற்றுக்கொண்டுவிட்டார். அங்கே அப்போது பெண் என்றால் இவர் ஒருத்திதான். பிறகு வடக்கே போய் வருஷக்கணக்கில் பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

“அப்ப நீங்களும் டீச்சர்தானா?”

“ஆமா. நீங்க பிரேக்கு மேலயே கால வச்சுக்கினு இருக்கீங்க பாருங்க, நானும் அப்படித்தான் இருப்பேன். வச்சுக்கினு இருங்க, ஆனா ஜல்தியா அமுக்கிடாதீங்க. அப்பறம் எனக்கு வராது.”

எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று கோபமும் வந்தது, சொன்னது சரி என்றும் பட்டது.

கால் அடங்கியபிறகு ஹைவேயில் விழுப்புரம் வரைக்கும் ஓட்டவிட்டேன். அங்கேதான் இன்னொரு பேஜாரு. பக்கத்தில் லாரி போகிறது, பின்னால் ஆம்னி பஸ் ஹாரன் அடிக்கிறது, இந்தம்மா ரோட்டோரத்து வேர்க்கடலைக் கொல்லையையும் சவுக்குத் தோப்பையும் பார்த்துப் பேசிக்கொண்டே வருவார்.

“இதுல எறங்கலாம். மல்லாட்டை புடுங்கிட்டாங்க, சமமா இருக்குது.”

கொஞ்ச தூரம் போனதும், “இது ஆவாது, சவுக்கு.”

இன்னும் கொஞ்ச தூரத்தில், “எடம் நல்லாத்தான் இருக்குது, கரன்ட் கம்பி குறுக்க போவுது பாருங்க.”

“அம்மா, நாம தரையிலதான் போய்க்கினு இருக்கோம். எங்க எறங்கப்போறீங்க?”

“பழக்கம் டீச்சர். இஞ்சின் நின்னுபோனா எங்க எறங்கறதுன்னு போறப்பவே பாத்து வச்சுக்கணும்.”

மேலே போவதைப் பற்றி ஒருநாளும் பேசமாட்டார். எங்கே இறங்கலாம், எப்போது திரும்பலாம், இதே பேச்சுதான். மேகம் எப்படி இருக்கும், ஊர் எப்படித் தெரியும் என்று ஆசையாகக் கேட்டால், “எல்லாம் சின்னச் சின்னதாத் தெரியும்” என்று முடித்துவிடுவார். இப்படிப் பயந்து பயந்து ஓட்டவா அத்தனை கஷ்டப்பட்டுக் கற்றார் என்று தோன்றும். ஒருநாள் விக்கிரவாண்டி டோல்கேட் தெரிகிற தூரம் வரைக்கும் போய்விட்டு, தெற்கே கறுத்திருக்கிறது என்று வண்டியைத் திருப்பிவிட்டார். நாங்கள் திண்டிவனம் வந்து சேர்ந்தும் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. நான் சிடுசிடுவென்று இருந்ததைப் பார்த்து, “பெய்யலன்னா நல்லதுதானே” என்றார்.

மயிலத்தில் என் தங்கை மகள் கல்யாணம் நடந்தது. மலைமேல் கோயிலில் தாலி கட்டு. ஓட்டின மாதிரியும் இருக்கும், சாப்பிட்ட மாதிரியும் இருக்கும் என்று அவரையே ஓட்டச் சொல்லி அழைத்துப்போனேன். அடிவாரத்தில் கல்யாண வேன்கள் அடைத்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தார். ஓரங்கட்டினார். “இன்னிக்கு வேணாம். நீங்க ஓட்டிக்கினு போங்க, நான் படியில வர்றேன்.” பட்டுப்புடவையில் எனக்கு வியர்த்துக் கொட்ட, இடம் மாறி உட்கார்ந்து ஏற்றிப்போனேன். அவர் படியேறி வந்து சேர்ந்தபோது முதல் பந்தி முடிந்திருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்து, வடை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. எனக்குத்தான் அவருக்காக வெட்கமாக இருந்தது.

ஒருவழியாக மார்கழியில் டெஸ்டுக்குப் போனோம். “நீங்க ஏரோப்ளேன் ஓட்டுனவங்கன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?” என்று கேட்டேன். முறைத்தார். அப்படி அவர் முறைத்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அவர் வேணாம் என்று சொல்லவில்லை. நிதானமாக ஓட்டினார், பாஸ் ஆனார். திரும்பி வரும்போது எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் முட்டியது. லைசென்ஸ் கைக்கு வந்ததும் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார்; பெரியம்மா என்றுதான் அவரைக் கூப்பிட்டேன். கை நரம்பெல்லாம் ஊசி குத்திப் புடைத்திருந்தது. மைசூர்பாகை அவர் தின்னக்கூடாது, தங்கையிடம் கொடுக்கச் சொன்னார். தங்கை தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார்.

“பாஸ் பண்ணிட்டாளா? சந்தோஷம்” என்றார் பெரியம்மா. “ஆனா நான் ஏறமாட்டேன் டீச்சரம்மா.”

“உங்களுக்காகத்தான பெரியம்மா அவங்க இந்தப் பாடு பட்டாங்க?”

“தெரியும். ஒரு தடவை இவகூட ஏறியிருக்கேன். அதோட சரி.” மெதுவாகத்தான் பேசினார். “மெட்ராஸ்ல. எனக்கு அப்பத்தான் கல்யாணம் ஆயிருந்துது. அன்னிக்கு மானம் மேகம் கவிஞ்சு மூடிக்கினு இருந்துச்சு. போவக்கூடாதுன்னு இவளுக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்தா எனக்கே தெரிஞ்சுது. ஆனா அங்க ஆம்பளைங்க கூட்டமா நின்னுக்கினு, பொம்பள ஓட்டப் போறா, வேடிக்கை பாருங்கன்னு சிரிச்சுக்கினு இருந்தாங்க. அவங்க சிரிக்கிறாங்களேன்னு என்ன ஏத்திக்கினு கெளம்பிட்டா.”

“அப்பறம்?”

“மேகத்துக்குள்ள பூந்துட்டோம். மேல எது, கீழ எதுன்னு தெரியல. இவ கையி நடுங்கினது எனக்குத் தெரிஞ்சுது. எப்படியோ கீழ வந்து ஒரு கொல்லையில எறக்கினா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவல. நாலு பேர் சிரிச்சாங்கன்னு என் உயிரக் கொண்டுபோயிட்டாளே, அதான் எனக்கு ஆறல. அதுலருந்து இவ ஓட்டற எதுலயும் ஏறல, சைக்கிள்ல கூட.”

உள்ளேயிருந்து சொம்போடு வந்த அந்தம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றார். வாசலில் வழியனுப்பும்போது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். “அவங்க ஏறமாட்டாங்கன்னு தெரிஞ்சுமா இத்தனை நாள் கத்துக்கினீங்க?”

“தெரியும் டீச்சர். ஓட்டத் தெரிஞ்சுக்கறது என் வேலை. ஏறறதும் ஏறாததும் அக்கா இஷ்டம்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு அன்று முழுக்கத் தலைவலி.

பொங்கலுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி விழுப்புரத்திலிருந்து தன் காரில் வந்துவிட்டார். அக்கா ஏறமாட்டேன் என்கிற விஷயம் அவருக்கும் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரி முடித்து அப்படியே விழுப்புரத்து இல்லத்துக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். பெரியம்மாவின் பை கட்டி வாசலில் இருந்தது. அந்தம்மா எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். ஒருவேளை அக்கா மனசு மாறினால் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று. ஷெட்டிலிருந்த கார் கழுவித் துடைத்து, தம்பியின் காருக்குப் பின்னால் நின்றது. தெருவில் ஆண்களும் பெண்களுமாகக் கூடிவிட்டார்கள். ஏரோப்ளேன்காரம்மா கார் ஓட்டப்போகிறார் என்றால் பார்க்கமாட்டார்களா?

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். தம்பி தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பெரியம்மா அந்தப் பையை ஒருமுறை பார்த்தார். வீட்டை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தம்பியைத் தாண்டிப் போய்ப் பழைய காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். இல்லத்துக்குப் போவதைவிட இந்தச் சாவு மேல் என்று துணிந்த முகம் அது.

அந்தம்மா காரைச் சுற்றி வந்தார். டயரை அழுத்திப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவன், “றெக்க நல்லாருக்குதா பாத்துக்கோம்மா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். அந்தம்மா ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது அவர்கள் வீட்டுக் கார், என் காலடியில் பிரேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஓடியது. “எடு சின்னக்கா, பாக்கலாம்” என்றார் தம்பி.

அவர் எடுக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கை நடுங்கியது. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார்.

“இன்னிக்கு வேணாம்.”

“என்னம்மா சொல்றீங்க?” என்று கத்தியேவிட்டேன். “அவங்க ஏறிட்டாங்கம்மா. இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு. அந்தப் பைய எடுத்துக்கினு போயிடுவாரு உங்க தம்பி.”

“தெரியும் டீச்சர். இவங்க முன்னாடி ஓட்டிக் காட்டணும்னு ஆத்திரம் வருது. இந்தக் கையோட அக்காவக் கூட்டிக்கினு போவக்கூடாது.”

சொல்லிவிட்டு இறங்கி நின்றார். கூட்டம் ஹோவென்று சிரித்தது. அவர் தலையைக் குனியவில்லை. ஆனால் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம், அந்தச் சிரிப்பின்மேல் ஆத்திரம், யாரை அடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி வந்து பின்கதவைத் திறந்தார். “பாத்துட்டியா பெரியக்கா? வா, எறங்கு. நம்ம வண்டியில போலாம்.”

பெரியம்மா கண்ணைத் திறந்தார். பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார், அப்புறம் மறு கையையும் எடுத்தார்.

“கதவைச் சாத்துடா” என்றார்.

“அவளே வேணாம்னுட்டா. இன்னும் என்ன பெரியக்கா?”

“அதான்டா. தனியா இருக்கறப்ப வேணாம்னு சொல்றது பெரிசில்ல. இத்தனை பேர் நின்னு சிரிக்கறப்ப சொல்ல மாட்டாளான்னுதான் இத்தன வருஷமா பாத்துக்கினு இருந்தேன்.” மூச்சு வாங்கியது. “அந்தப் பைய உள்ள கொண்டுபோய் வை. டீச்சரம்மா, இன்னிக்கு நீ ஓட்டு. வெள்ளிக்கிழமை அவ ஓட்டுவா.”

தம்பி கதவைச் சாத்தினார். பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, தன் காரை எடுத்து எங்களுக்கு வழிவிட்டார். இத்தனை வருஷம் ஓட்டுகிறேன் என்றபோது ஏறாதவர், வேணாம் என்றதும் இறங்கமாட்டேன் என்கிறார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் இடம் மாறி உட்கார்ந்து, பாண்டிச்சேரிக்கு வண்டியை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தம்மாதான் ஓட்டினார். தெருவில் யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எனக்குக் கால் மரத்துப்போயிற்று. கிளியனூர் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை அந்த வண்டியில் பயந்துகொண்டு போனது நான் ஒருத்திதான்.